அங்பாவ் உறையில் விளக்கு, ரவிக்கைத் துணியில் அஞ்சாங்கல்

சிங்கப்பூரில் பள்ளிகளுக்கு ஜூன் விடுமுறை நான்கு வாரம். முதல் வாரம் எப்படியோ ஓடிவிடும். இரண்டாவது வாரம் செவ்வாய்க்கிழமை வாக்கில் "அம்மா, போரடிக்குது" தொடங்கும். போன வருடம் அந்தச் செவ்வாய்க்கிழமை நான் புத்தகக் கடைக்குப் போய் முப்பது வெள்ளிக்குக் கைவேலைச் சாமான் வாங்கி வந்தேன். மினுமினுப்புத் தூள், பஞ்சு உருண்டை, வண்ணக் கம்பி என்று ஒரு பை நிறைய. பிள்ளைகள் இரண்டு மணி நேரத்தில் ஆளுக்கொரு வாழ்த்து அட்டை செய்து ஃபிரிட்ஜில் ஒட்டினார்கள். அதோடு சரி, அதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மினுமினுப்புத் தூள் மட்டும் தீபாவளி வரை சோபாவில் இருந்தது.

அதிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு விதி. செய்து முடித்ததை வைத்து விளையாட முடியவேண்டும். பார்த்து ரசிக்க மட்டும் என்றால் வேண்டாம். விளையாடுகிற பொருள் கோணலாக இருந்தால் அதன் கோணல் விளையாடும்போதே தெரியும். பிள்ளை தானாகவே இன்னொன்று செய்ய உட்காரும். நாம் திருத்த வேண்டியதில்லை.

கீழே மூன்று கைவேலைகள். முதல் இரண்டும் பாலர் பள்ளிப் பிள்ளைகளே செய்யக்கூடியவை. மூன்றாவதற்கு ஊசி வேண்டும், அதனால் தொடக்கப்பள்ளி வயதுக்கு. என் மகன் தொடக்கநிலை இரண்டு, மகள் இன்னும் பாலர் பள்ளி. இந்தக் கணக்கை அவர்களை வைத்துத்தான் சொல்கிறேன்.

முதலில் ஒரு டின்

பழைய பிஸ்கட் டின் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இன்றிலிருந்து குப்பைக்குப் போகவிருந்த சில சாமான்களை அதில் போட்டு வையுங்கள்: சீனப் புத்தாண்டில் பணம் வைத்துத் தந்த சிவப்பு அங்பாவ் உறைகள், நோன்புப் பெருநாளில் பக்கத்து வீட்டார் தந்த பச்சை உறைகள், தீபாவளியின் ஊதா உறைகள், தபாவ் பொட்டலங்களை, அதாவது கடையில் கட்டி வாங்கிவரும் சாப்பாட்டைச் சுற்றிவரும் ரப்பர் பேண்டுகள், தையல்காரர் ரவிக்கையோடு திருப்பித் தரும் வெட்டுத் துணி, பிளாஸ்டிக் பைகள். 2023 ஜூலையிலிருந்து பெரிய பேரங்காடிகளில் ஒரு பைக்குக் குறைந்தது 5 காசு கொடுக்கிறோம். கொடுத்த காசுக்கு அதைக் கொஞ்சம் வேலை வாங்கலாம்.

எல்லாவற்றுக்கும் பொதுவாக வாங்கவேண்டியது முனை மழுங்கிய கத்தரிக்கோல் மட்டும்தான். ஸ்டேப்ளர், ஊசி, நூல் எல்லார் வீட்டிலும் இருக்கும். பசை பற்றி ஒரு வார்த்தை. என் அம்மா சோற்றுப் பருக்கையை நசுக்கித்தான் எதையும் ஒட்டுவார். நானும் ஆசையாக முயன்று பார்த்தேன். மறுநாள் காலையில் மேசையில் எறும்பு வரிசை. வெள்ளைப் பசைக்கும் இந்த ஊர் ஈரக்காற்றில் காய நேரம் பிடிக்கும், மழை நாளில் கேட்கவே வேண்டாம். ஸ்டேப்ளர் அடித்து, ஊசிமுனை தெரியும் பக்கத்தில் டேப் ஒட்டிவிடுவதுதான் எனக்குச் சரிவருகிறது.

அங்பாவ் விளக்கு

இதற்கு ஒரே அளவில் இரண்டு உறைகளும், கைப்பிடிக்கு இன்னொன்றும் வேண்டும். பணம் உள்ளே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள், சிரிக்காதீர்கள்!

உறையின் மூடியைக் கத்தரித்து எடுங்கள். பிறகு அடிப்பக்க ஓரத்தையும், நீளவாக்கில் ஒரு பக்க ஓரத்தையும் மெல்லியதாக வெட்டுங்கள். மற்ற நீள ஓரம் மடிப்பாக அப்படியே இருக்கும். உறை இப்போது புத்தகம் போல விரியும், ஆனால் விரிக்காதீர்கள். மூடியபடியே வைத்து, மடிப்புப் பக்கத்திலிருந்து எதிர் ஓரத்தை நோக்கி நேராக வெட்டிக்கொண்டே போங்கள். ஒரு வெட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே பிள்ளையின் விரல் அகலம், அதாவது ஒரு செ.மீ. எதிர் ஓரத்தைத் தொடுவதற்கு இரண்டு செ.மீ. முன்பே நிறுத்திவிட வேண்டும். பிள்ளைகள் இதில்தான் தவறுவார்கள். வேகத்தில் ஓரம் வரை வெட்டிவிட்டால் உறை துண்டு துண்டாகிவிடும். அதனால் அந்த இரண்டு செ.மீ. இடத்தில் முதலிலேயே பென்சிலால் ஒரு கோடு போட்டு, "இதுதான் கடல், கத்தரிக்கோல் இங்கே இறங்கக்கூடாது" என்று சொல்லிவிட்டேன். மகள் அதற்கப்புறம் ஒரு முறைகூடக் கடலில் இறங்கவில்லை.

இரண்டாவது உறையையும் இப்படியே வெட்டி, இரண்டையும் விரியுங்கள். நடுவில் நீளமான கீறல்கள், மேலும் கீழும் வெட்டாத பட்டைகள் இருக்கும். இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கீறல்கள் எல்லாம் மேலிருந்து கீழாக நிற்கும்படி ஓரத்தோடு ஓரம் சேர்த்து ஸ்டேப்ளர் அடியுங்கள். வளைத்து உருளையாக்கி அடுத்த ஓரத்தையும் சேருங்கள். மேலே ஒரு கை, கீழே ஒரு கை வைத்து மெதுவாக அழுத்தினால் நடு மடிப்பு வெளியே பிதுங்கி, விளக்கு வயிறு வைத்துக்கொள்ளும். முதலில் வெட்டிய மூடியையே கைப்பிடியாக்கப் பார்க்காதீர்கள், அது குட்டை. மூன்றாவது உறையிலிருந்து ஒரு நீளப் பட்டை எடுங்கள்.

ஒரே உறையிலும் செய்யலாம், ஆனால் விளக்கு ஒல்லிக்குச்சியாக வரும். நாலு வயதுக்காரர்களுக்கு அதுவே போதும்.

உள்ளே வெள்ளைத் தாளை உருளையாகச் சுருட்டி வைத்து, பேட்டரியில் எரியும் சிறிய எல்இடி விளக்கைக் கீழிருந்து காட்டினால் கீறல்கள் வழியாக வெளிச்சம் அழகாகக் கசியும். உண்மையான மெழுகுவத்தி மட்டும் வேண்டவே வேண்டாம். சீனர்களின் நடு இலையுதிர்கால விழாவுக்காக மூன்கேக் இனிப்பு விற்கிற மாதத்தில் பாலர் பள்ளிப் பிள்ளைகள் விளக்கு ஏந்தி நடப்பார்களே, அதற்கு இதைச் செய்து கொடுத்தேன். சிவப்பும் ஊதாவும் கலந்த விளக்கு அன்று மகளிடம் மட்டும்தான் இருந்தது.

பிளாஸ்டிக் பையில் சாப்தே

சாப்தே என்பது காலால் உதைத்து விளையாடும் இறகுப் பந்து. இது பத்து நிமிட வேலை. கடையில் கிடைக்கும் சாப்தேயில் கோழி இறகும் ரப்பர் வட்டும் இருக்கும். நமக்கு அவை வேண்டாம். பிளாஸ்டிக் பையிலிருந்து பக்கத்துக்கு 25 செ.மீ. வரும்படி இரண்டு சதுரங்கள் வெட்டி ஒன்றன்மேல் ஒன்று வையுங்கள். நடுவில் இரண்டு இரும்பு வாஷர்களை அடுக்குங்கள். இரண்டரை செ.மீ. அகலம் இருந்தால் நல்லது, ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும். நான்கு மூலைகளையும் மேலே கூட்டிப் பிடித்து, வாஷருக்கு மேலேயே ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டுங்கள். மேலே நிற்கும் பையை ஒரு செ.மீ. அகல நாடாக்களாக வெட்டிவிட்டால் முடிந்தது. வாஷருக்குப் பதில் காசு வைக்கலாமே என்று நினைப்பீர்கள். நானும் வைத்தேன். மறுநாள் சாப்தே பிரிந்து கிடந்தது, பிள்ளைகள் கையில் ஐஸ்கிரீம்.

உள்ளங்காலின் பக்கவாட்டால் உதைத்து, தரையில் விழாமல் எத்தனை முறை என்று எண்ணவேண்டும். வீட்டுக்குள் வேண்டாம். கீழ் வீட்டாருக்கும் காது இருக்கிறது. அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளம்தான் இதற்கு இடம்.

அஞ்சாங்கல்

எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். என் அம்மா ஊரில் ஆற்றங்கரைக் கூழாங்கற்களை வைத்து விளையாடியவர். இங்கே வந்தபோது, 'மாமா கடை' என்று சொல்லும் சில்லறைக் கடையில் துணியால் தைத்த, சிறு கூம்பு போன்ற ஐந்து பைகளைப் பார்த்து, "இது என்னடி, கல்லுக்குச் சட்டை போட்டிருக்காங்க" என்றாராம். ஆனால் அடுக்குமாடி வீட்டுக்கு அந்தச் சட்டை போட்ட கல்தான் ஏற்றது. சத்தம் வராது, மேலே விழுந்தாலும் வலிக்காது, உருண்டு சோபாவுக்கு அடியில் போகாது.

வேண்டியவை: 10 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலத்தில் ஐந்து துணித் துண்டுகள். வழுக்கும் பட்டு வேண்டாம், பருத்தி நல்லது. நிரப்பப் பச்சைப்பயறு ஒரு கைப்பிடி. மூன்று வயதுக்குக் கீழே பிள்ளை இருக்கும் வீடென்றால் பயறு, ஊசி இரண்டையும் மேசைமேல் வைத்தே வேலை செய்யுங்கள்.

பயறை முதலில் வெறும் வாணலியில் வாசம் வரும்வரை வறுத்து, நன்றாக ஆறவிடுங்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், முதல் தடவை நான் வறுக்கவில்லை. மகன் இரண்டு கல்லைக் கால்சட்டைப் பையிலேயே விட்டுவிட்டான், துணியோடு அவையும் துவைக்கப்பட்டன. ஜன்னலோரம் காயவைத்தேன். மூன்றாம் நாள் தையல் வழியாக வெள்ளையாக ஒரு முளை எட்டிப் பார்த்தது! மகளுக்கு ஒரே குதூகலம், தண்ணீர் ஊற்றி வளர்க்கலாம் என்றாள். அரிசியும் நிரப்பலாம், ஆனால் சீக்கிரம் வண்டு வருகிறது. பயறு கையில் அடங்கி நிற்கும், கனமும் கச்சிதம்.

1. துணியின் நல்ல பக்கம் உள்ளே போகும்படி பாதியாக மடியுங்கள். 5 செ.மீ. சதுரம் கிடைக்கும். ஒரு பக்கம் மடிப்பு, மூன்று பக்கம் திறப்பு.

2. ஊசியில் நூலை இரட்டையாகக் கோத்து முடிச்சிடுங்கள். மடிப்புக்கு எதிர்ப்பக்கத்தையும், அடிப்பக்கத்தையும் ஓரத்திலிருந்து அரை செ.மீ. உள்ளே தள்ளித் தையுங்கள். மேல்பக்கம் திறந்தே இருக்கட்டும். ஓட்டுத்தையல் போதாது, ஆடும்போது பயறு ஒவ்வொன்றாக வெளியே நழுவும். பின்தையல் போடவேண்டும்: ஊசி ஒரு எட்டு முன்னே போய் வெளியே வரும், திரும்பி முந்தைய தையல் முடிந்த இடத்தில் உள்ளே இறங்கும், மறுபடி துணிக்கு அடியில் இரண்டு எட்டு முன்னே. மகனுக்கு இதை "இரண்டு எட்டு முன்னே, ஒரு எட்டு பின்னே" என்று நடந்து காட்டினேன். நடந்து காட்டியதும் பிடித்துக்கொண்டான்.

3. வெளிப்பக்கமாகத் திருப்புங்கள். மூலைகளைப் பென்சிலின் மழுங்கிய முனையால் தள்ளுங்கள்.

4. தேக்கரண்டியால் ஒன்றரைக் கரண்டி பயறு போடுங்கள். முக்கால் பங்குதான் நிறையவேண்டும். முழுக்க அடைத்தால் பந்துபோலத் துள்ளும். குறைந்தால் கையில் தொளதொளவென்று கிடக்கும். ஐந்திலும் ஒரே அளவு போடுங்கள், இல்லாவிட்டால் மேலே எறியும்போது கை ஏமாறும்.

5. இதுதான் சூட்சுமம். திறந்த வாயை அப்படியே நேராக மூடித் தைத்தால் தட்டையான தலையணைதான் வரும். அடித்தையல் இடமிருந்து வலமாக ஓடுகிறதல்லவா? வாயை அதற்குக் குறுக்காக மூடவேண்டும். இடப்பக்க மடிப்பையும் வலப்பக்கத் தையலையும் இரு விரலால் பிடித்து நடுவில் ஒன்றோடொன்று சேருங்கள். வாய் இப்போது முன்னும் பின்னுமாக நீளும். பை தானாகவே நான்கு முக்கோண முகங்களோடு எழுந்து உட்காரும். அந்த இடத்தில் வீட்டில் எல்லாருமே "ஓ!" என்றோம்.

6. வாயின் ஓரத்தை அரை செ.மீ. உள்ளே மடித்து, நெருக்கமாகச் சுற்றித் தைத்து, இரண்டு முடிச்சுப் போட்டு நூலை அறுங்கள்.

முதல் கல்லுக்கு மகனுக்கு நாற்பது நிமிடம் ஆனது. ஐந்தாவதற்குப் பதினைந்து. ஒரே நாளில் ஐந்தையும் முடிக்கவேண்டும் என்று உட்கார வைக்காதீர்கள், நாளுக்கு ஒன்று போதும். சின்னக் கைகளுக்கு இந்த அளவு பெரிதாகத் தோன்றினால் அடுத்த ஐந்தை 8-க்கு 4 செ.மீ. துணியில் தையுங்கள், பயறும் அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக.

விளையாட்டு தெரியாதவர்களுக்கு: ஐந்தையும் தரையில் வீசுங்கள். ஒன்றை எடுத்து மேலே எறிந்து, அது கீழே வருவதற்குள் தரையிலிருந்து ஒன்றைப் பொறுக்கி, இறங்குவதையும் அதே கையால் பிடிக்கவேண்டும். நான்கையும் இப்படி ஒவ்வொன்றாக. அடுத்த சுற்றில் இரண்டிரண்டாக, பிறகு மூன்றும் ஒன்றும், கடைசியாக நான்கையும் ஒரே அள்ளாக. தொடங்குகிறவர்கள் இரண்டு கையாலும் பிடிக்கலாம், நாங்கள் அனுமதிக்கிறோம். பாட்டி மட்டும் அனுமதிப்பதில்லை. அவர் எழுபது வயதில், தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, இன்னும் பேரனைத் தோற்கடித்துக்கொண்டிருக்கிறார்.