பொத்துவில் பக்கம் காம்ப் வாங்கப் போகிறவர்களுக்கு: முதலில் விருந்தாளியாகப் போய்த் தங்குங்கள்

தமிழ்நாட்டிலிருந்து இங்கே கிழக்கிலங்கைக்குப் புதிதாக வந்தவர்களில் மூன்று பேர் போன மாதம் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். பொத்துவிலை அடுத்த அறுகம்குடா பக்கம், சுற்றுலா வருகிறவர்கள் தங்கக் கூடாரம் போட்டு நடத்தும் காம்ப் ஒன்று கைமாற இருக்கிறதாம், போய்ப் பார்க்கலாமா என்று. தாராளமாகப் பாருங்கள். ஆனால் எப்படிப் பார்ப்பது என்று தெரிந்துகொண்டு போங்கள். அது தெரியாமல் போய் 5 இலட்சம் இலங்கை ரூபாயை நான் இழந்தேன். இன்னொருவர் இழக்கக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி, சில விதிவிலக்குகள் தவிர, வெளிநாட்டவர் இங்கே காணியை விலைக்கு வாங்க முடியாது. பாதியோ அதற்கு மேலோ வெளிநாட்டுப் பங்கு உள்ள கம்பெனியின் பெயரிலும் முடியாது. 99 வருடம் வரை குத்தகைக்கு எடுக்கலாம். ஆக, நம்மவர் ஒருவர் "காம்ப் வாங்கினேன்" என்றால் காணியைக் குத்தகைக்கு எடுத்துத் தொழிலை வாங்கியிருக்கிறார் என்று பொருள். நாம் பத்திரம் என்பதை இங்கே உறுதி என்பார்கள். அரசு கொடுத்த அனுமதிப்பத்திரக் காணி, அதாவது பேர்மிட் காணி, வேறு வகை. பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் அது கைமாறாது. வில்லங்கம் பார்ப்பது காணிப் பதிவகத்தில். சுற்றுலா விசாவில் தொழில் நடத்த முடியாது. இவ்வளவையும் உறுதி எழுதும் ஒரு நல்ல நொத்தாரிசு (நோட்டரி) அரை நாளில் விளக்கிவிடுவார். என்னை விழுத்தியது இவற்றில் எதுவும் இல்லை.

எனக்குச் சொந்த ஊர் நாகப்பட்டினம். மனைவிக்கு மட்டக்களப்பில் கல்லடி. கல்யாணமாகி இங்கேயே தங்கிவிட்டதால் ஊர் நெளிவுசுளிவு எனக்கு அத்துப்படி என்று நம்பியிருந்தேன். கோமாரிக்கும் பொத்துவிலுக்கும் இடையில் கடலோரமாக ஒரு காம்ப். உரிமையாளர் கொழும்பில் இருந்தார். விற்கப்போகும் விஷயம் அவருக்கும் தரகருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். முற்பணம் 5 இலட்சம் கொடுத்தேன். பேச்சு வெளியே போகக்கூடாது என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். "விருந்தாளியா போய் ரெண்டு நாள் தங்கிப் பாருங்க" என்றார் உரிமையாளர். ஏப்ரல் கடைசி. அலைச்சறுக்குக்கு ஆட்கள் வரத் தொடங்கும் நேரம்.

மட்டக்களப்பிலிருந்து பஸ்ஸில் போய் பொத்துவிலில் இறங்கி ஒரு த்ரீவீல் பிடித்தேன். ஓட்டிய தம்பி நல்ல பேச்சுக்காரர். பேச்சோடு பேச்சாக, "அந்த இடத்துக்குப் பட்டா இருக்கா?" என்று கேட்டுவிட்டேன். நம் ஊரில் ஒரு மனையைக் கடந்து போனாலே வாயில் வந்துவிடும் கேள்வி அது. இங்கே உறுதி இருக்கா, பேர்மிட்டா என்றுதான் கேட்பார்கள். என் பேச்சே நான் தமிழ்நாட்டுக்காரன் என்று காட்டிக்கொடுத்தது. சரி, அது குற்றமில்லை. இரண்டு இரவு தங்க வருகிறவன் காணியின் பத்திரத்தை ஏன் விசாரிக்கிறான்? அந்தத் தம்பியின் மாமாதான் காம்ப்பில் சமையல்.

மறுநாள் காலை தேத்தண்ணிக் கடையில் இருந்த அம்மா, "என்ன மனே, காம்ப் வாங்க வந்தீங்களாம்?" என்று அன்பாகக் கேட்டார். எனக்குக் கை நடுங்கிவிட்டது. அன்று மாலையே கடனுக்குச் சாமான் கொடுக்கும் கடைக்காரர் பழைய பாக்கியைக் கேட்டு வந்து நின்றார். கூடாரம் பார்க்கும் பையன்கள் இரண்டு பேரும் அந்த வாரமே வேறு இடத்தில் சேர்ந்தார்கள். புது முதலாளி வைத்துக்கொள்வாரா மாட்டாரா என்று தெரியாமல் பருவம் முழுக்க அவர்கள் ஏன் காத்திருக்க வேண்டும்? பிறகு சமையல்காரக் காக்காவும் போய்விட்டார் (இங்கே முஸ்லிம் அண்ணன்மாரைக் காக்கா என்பார்கள்). அவருடைய மீன் கறிக்காகவே திரும்பத் திரும்ப வருகிறவர்கள் இருந்தார்கள். நான் விலை பேசியதில் பாதி அவருடைய கைக்குத்தான் என்று அப்போதுதான் புரிந்தது. ஒப்பந்தத்தை மீறியது நான்தான் என்று உரிமையாளர் முற்பணத்தைத் தரவில்லை. அதில் எனக்கு இன்னும் கோபம் உண்டு. ஆனால் கையெழுத்து என்னுடையது.

அதனால் சொல்கிறேன். தனியாகப் போகாதீர்கள், குடும்பத்தோடு போங்கள். கையில் நோட்டுப் புத்தகத்தோடு தனி ஆள் ஒருவன் வளவைச் சுற்றினால் ஊர் முழுக்கப் பேச்சாகிவிடும். தரகரோடு போகவே கூடாது. எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று எல்லோரும் கேட்பார்கள்; அது இங்கத்தைய பாசம். பொய் சொல்லாதீர்கள். நாகப்பட்டினம், கடல் பார்க்க வந்தோம் என்று உண்மையை அளவாகச் சொன்னால் போதும். வருமானம், சம்பளம், முதலாளி பற்றி வேலையாட்களிடம் ஒரு வார்த்தை கேட்காதீர்கள். இலவச அறை கொடுத்தாலும் வேண்டாம். பில்லை முழுதாகக் கட்டுங்கள்.

கேட்காமலே தெரிந்துகொள்ள நிறைய இருக்கிறது. காலையில் கொடியில் காயும் துவாய்களை, அதாவது குளித்துத் துவட்டும் துண்டுகளை, எண்ணினால் முந்தின இரவு எத்தனை பேர் தங்கினார்கள் என்று ஓரளவு தெரியும். இரவு எட்டு மணிக்கு எத்தனை கூடாரத்தில் வெளிச்சம் என்று பாருங்கள். சனிக்கிழமைக் கணக்கும் செவ்வாய்க்கிழமைக் கணக்கும் ஒன்றாக இருக்காது, இரண்டும் வேண்டும். எல்லோரும் குளிக்கிற நேரத்தில் நீங்களும் குழாயைத் திறங்கள். தண்ணீரை வாயில் வைத்துப் பாருங்கள், கரிக்கிறதா என்று. பவுசரில், அதாவது தண்ணீர் லாரியில், தண்ணீர் வருகிறதென்றால் அது மாதாமாதம் உங்கள் செலவு. லாகுகலைப் பக்கம் உள்நாட்டில் என்றால், இரவில் யானை வேலியில் கரண்ட் இருக்கிறதா, நாய்கள் எந்தப் பக்கம் பார்த்துக் குரைக்கின்றன என்று கவனியுங்கள்.

கடற்கரையில் அலை ஏறும் உயர்ந்த கோட்டிலிருந்து முதல் கூடாரம் வரை காலடி எண்ணி நடங்கள். அந்தக் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 300 மீட்டர் கரையோர வலயம். அதற்குள் எதைக் கட்டவும் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். எண்ணிய கணக்கைப் பிறகு சர்வே வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். விடியற்காலையில் நான் எண்ணிக்கொண்டு நடந்தபோது கடலுக்குள்ளிருந்து சூரியன் எழுந்தது, நாகையில் எழுவது போலவே. அப்பாவோடு கரையில் நின்ற நாட்கள் நினைவுக்கு வந்துவிட்டன. எண்ணிக்கை தவறிப்போய், திரும்ப வந்து முதலிலிருந்து எண்ணினேன்.

ஆகஸ்டில் மட்டும் பார்த்துவிட்டு விலை பேசாதீர்கள். இங்கும் நம்மைப் போல வடகிழக்குப் பருவமழைதான். நவம்பரிலிருந்து ஜனவரி வரை கொட்டும், பல காம்ப்கள் மூடியிருக்கும். அப்போது ஒருமுறை அந்த வழியாகப் போய்வாருங்கள். வளவில் தண்ணீர் எங்கே தேங்குகிறது, கழிப்பறைக் குழி நிரம்பி வழிகிறதா, உள்ளே போகும் மண் பாதையில் த்ரீவீல் ஓடுமா என்று மழைதான் காட்டும்.

பார்த்ததையெல்லாம் வீட்டுக்கு வந்து எழுதுங்கள். பஸ்ஸில் போன் பேசாதீர்கள். பின் இருக்கையில் யாருடைய மாமா இருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியாது.

கையெழுத்தாகிவிட்டதா, அன்றைக்கே உரிமையாளரையும் கூட்டிக்கொண்டு காம்புக்குப் போய் வேலையாட்களை உட்கார வைத்து முதலில் அவர்களிடம் சொல்லுங்கள். யாரை வைத்துக்கொள்கிறீர்கள், என்ன சம்பளம் என்பதையும் சேர்த்து. காக்கா இப்போது பொத்துவிலில் சொந்தமாகச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறார். போன பருவத்தில் அங்கே சாப்பிடும்போது, என் தட்டில் இன்னொரு துண்டு மீனை வைத்துக்கொண்டே சொன்னார்: "முதல்ல எங்களுக்கிட்ட சொல்லியிருக்கலாமே தம்பி. ஊரெல்லாம் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிய வந்தது."