பெரிய தளத்தை விட்டு மாஸ்டடானுக்கு: எதை எடுத்துப் போகலாம், எது வராது

பழைய கணக்கை உடனே அழித்துவிடாதீர்கள். முகநூலையோ எக்ஸையோ விட்டு மாஸ்டடான் என்ற சமூக வலைப்பின்னலுக்கு வருகிறவர்கள் அவசரத்தில் செய்யும் முதல் தவறு இதுதான். அழித்த பிறகுதான், யாரையெல்லாம் பின்தொடர்ந்தோம் என்ற பட்டியலே கையில் இல்லை என்பது உறைக்கும்.

எக்ஸில் அமைப்புகளுக்குள் போய் உங்கள் தரவின் காப்பகத்தைக் கேளுங்கள். தயாராக ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். ஜிப் கோப்பாக வரும். அதில் உங்கள் பதிவுகளும் படங்களும் இருக்கும். ஆனால் நீங்கள் பின்தொடர்ந்தவர்களின் கோப்பைத் திறந்தால் பெயர்கள் இருக்காது, கணக்கு எண்கள் மட்டுமே இருக்கும். ஆகவே உங்களுக்கு முக்கியமான 40, 50 பேரின் பெயரையும், அவர்கள் தங்கள் அறிமுகக் குறிப்பில் தந்திருக்கும் வேறு முகவரிகளையும் கையாலேயே எழுதி வையுங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் புதிய இடத்தில் முதல் வாரத்தைக் காப்பாற்றுவது இந்தப் பட்டியல்தான்.

முகநூலில் தரவிறக்கம் கேட்கும்போது காலவரம்பு எல்லாக் காலத்துக்கும் இருக்கிறதா, படத்தின் தரம் உயர்வாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கோரிக்கையை அனுப்புங்கள். நீங்களே படித்துப் பார்க்க, உலாவியில் திறக்கும் எச்டிஎம்எல் வடிவம் போதும். இந்தப் பழைய பதிவுகளை மாஸ்டடானுக்குள் ஏற்ற வழி கிடையாது. வன்தட்டில் பத்திரமாக வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

சர்வரைத் தேர்ந்தெடுப்பது

மாஸ்டடான் ஒரே நிறுவனத்தின் தளம் அல்ல. 2016-இல் ஓய்கன் ரோச்கோ தொடங்கிய திறமூல மென்பொருள் அது. ஆளாளுக்குத் தனித்தனி சர்வரில் நடத்துகிறார்கள். 2018 ஜனவரியில் இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு பரிந்துரையாக வெளியிட்ட ஆக்டிவிட்டிபப் என்ற பொது நெறிமுறையால் இந்த சர்வர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. மின்னஞ்சல் போலவே முகவரியில் இரண்டு பாகம் உண்டு: உங்கள் பெயர், சர்வரின் பெயர். சர்வர் மூடினால் முகவரியும் போய்விடும். அதனால் சேரும் முன் கால் மணி நேரம் செலவழித்து அந்த சர்வரைப் பற்றிய பக்கத்தைப் படியுங்கள்.

மாஸ்டடானின் அதிகாரப்பூர்வப் பட்டியலில் உள்ள சர்வர்கள் ஓர் உடன்பாட்டை ஏற்றவை: தினமும் காப்புநகல் எடுக்க வேண்டும், நிர்வாகியைத் தவிர இன்னொருவரிடமாவது அவசர அணுகல் இருக்க வேண்டும், மூடுவதானால் 3 மாதம் முன்பே சொல்ல வேண்டும். பட்டியலில் இல்லாத நல்ல சர்வர்களும் உண்டு. அங்கே இந்த மூன்றையும் நீங்களே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். செலவை யார் ஏற்கிறார்கள், எந்தெந்த சர்வர்களைத் தடுத்து வைத்திருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். உங்கள் நண்பர்கள் மெட்டா நிறுவனத்தின் த்ரெட்ஸ் தளத்தில் இருந்து, நீங்கள் சேரும் சர்வர் த்ரெட்ஸைத் தடுத்திருந்தால் அவர்கள் உங்கள் கண்ணில் படவே மாட்டார்கள். தடை இல்லாவிட்டாலும், த்ரெட்ஸ்காரர் தன் அமைப்புகளில் ஃபெடிவெர்ஸ் (இப்படி ஒன்றோடொன்று பேசும் சர்வர்களின் வலை) பகிர்வை இயக்கியிருந்தால்தான் அவர் பதிவுகள் உங்களுக்கு வரும்.

சர்வரின் டொமைன், அதாவது அதன் இணையப் பெயர், எந்த நாட்டுக் குறியீட்டில் முடிகிறது என்றும் கவனியுங்கள். ஆப்கானிஸ்தானின் ஏஎஃப் குறியீட்டில் இயங்கிய 'குயர் டாட் ஏஎஃப்' என்ற மாஸ்டடான் சர்வரின் டொமைனை 2024 பிப்ரவரியில் தாலிபான் அரசு முடக்கியது. மென்பொருளில் ஒரு பழுதும் இல்லை, ஆனாலும் அத்தனை முகவரிகளும் ஒரே நாளில் செல்லாமல் போயின.

முதல் வாரம்

உள்ளே நுழைந்ததும் முகப்பு வெறிச்சோடிக் கிடக்கும். பழுதல்ல, நீங்கள் பின்தொடராத எவரையும் உங்கள் முகப்பில் திணிக்கும் அல்காரிதம் அங்கே இல்லை. எழுதி வைத்த பட்டியலில் இருப்பவர்களைத் தேடிச் சேருங்கள். பிடித்த துறைகளின் ஹேஷ்டேக்குகளையும் ஓர் ஆளைப் போலவே பின்தொடரலாம்.

உங்கள் பொதுப் பதிவுகள் தேடலில் வர வேண்டுமானால், தனியுரிமைப் பகுதியில் அதற்கான பெட்டியை நீங்களே டிக் செய்ய வேண்டும். இயல்பாக அது அணைந்திருக்கும். பதிவு மொழியைத் தமிழ் என்று அமைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் தமிழ்ப் பதிவுகளை மட்டும் வடிகட்டிப் படிப்பவர்களுக்கு நீங்கள் எழுதியது போய்ச் சேராது.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இங்கே ஒரு நல்ல செய்தி. எக்ஸ் உயிர்மெய்க் குறியையும் புள்ளியையும் தனித்தனி எழுத்தாக எண்ணுகிறது: 'தமிழ்' என்ற சொல்லுக்கு அங்கே 5. மாஸ்டடான் கண்ணுக்குத் தெரியும் எழுத்தை எண்ணுவதால் இங்கே 3. வழக்கமான வரம்பு 500 என்பதால், ஒரே பதிவில் ஒரு முழுப் பத்தியே எழுதிவிடலாம்.

தனிச்செய்தி விஷயத்தில் மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். குறிப்பிட்டவர்களுக்கு மட்டும் அனுப்பும் பதிவு மறைகுறியாக்கப்படுவதில்லை. சர்வர் நிர்வாகி நினைத்தால் படிக்க முடியும். அதைவிட ஆபத்து, அதற்குள் மூன்றாவது ஆளின் முழு முகவரியை @ குறியோடு எழுதினால் அந்தச் செய்தி அவருக்கும் போய்விடும். ஒருவரைப் பற்றிப் பேசும்போது @ போடாதீர்கள்; ரகசியத்துக்கு சிக்னல் போன்ற செயலிதான் சரி.

சர்வர் விட்டு சர்வர் மாறுவது

பெரிய தளங்கள் தராத வசதி இதுதான்: பின்தொடர்பவர்களோடு வீடு மாறலாம். வரிசை மாறினால் வேலை கெடும்.

1. பழைய கணக்கின் ஏற்றுமதிப் பகுதியில் நீங்கள் பின்தொடர்கிறவர்கள், நீங்கள் உருவாக்கிய பட்டியல்கள், தடைகள், புத்தகக்குறிகள் எல்லாவற்றையும் சிஎஸ்வி என்ற அட்டவணைக் கோப்புகளாக இறக்குங்கள். பதிவுகளின் முழுக் காப்பகத்தை 7 நாளுக்கு ஒருமுறை கேட்கலாம்.
2. புதிய சர்வரில் கணக்குத் தொடங்கி, கணக்கு அமைப்புகளில் 'வேறு கணக்கிலிருந்து வருகிறேன்' என்ற பகுதியில் பழைய முகவரியை மாற்றுப்பெயராகச் சேருங்கள். சர்வர் பெயரோடு முழுதாக எழுத வேண்டும்.
3. பழைய கணக்குக்குத் திரும்பி, 'வேறு கணக்குக்கு மாறுகிறேன்' என்ற பகுதியில் புதிய முகவரியையும் பழைய கணக்கின் கடவுச்சொல்லையும் கொடுங்கள்.
4. புதிய கணக்கில் சிஎஸ்வி கோப்புகளை இறக்குமதி செய்யுங்கள். 'இணை' என்பதையே தேர்ந்தெடுங்கள். 'மேலெழுது' என்றால் ஏற்கெனவே அங்கே சேர்த்தவர்கள் போய்விடுவார்கள்.

பெரும்பாலும் சிக்கல் இரண்டாம் படியில்தான். மாற்றுப்பெயரைப் பழைய கணக்கில் சேர்த்துவிட்டு, மூன்றாம் படி ஏன் பிழை காட்டுகிறது என்று தேடிக்கொண்டிருப்பார்கள். அது புதிய கணக்கில்தான் இருக்க வேண்டும்: 'அந்தப் பழைய ஆள் நான்தான்' என்று புதியவர் ஒப்புக்கொள்ளும் ஏற்பாடு அது. அது இல்லாவிட்டால் யார் வேண்டுமானாலும் தன் பின்தொடர்பவர்களை உங்கள் தலையில் கட்டிவிடலாம்.

இன்னொரு குழப்பம், திசைதிருப்பு மட்டும் செய்வது. அதில் பழைய பக்கத்தில் அறிவிப்புதான் வரும், ஆட்கள் நகர மாட்டார்கள். சரியாக மாறினால் ஆட்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தாமாகவே வந்து சேர்வார்கள். எண்ணிக்கை உடனே ஏறவில்லை என்று பதறாதீர்கள். பழைய பதிவுகள் பழைய சர்வரிலேயே நிற்கும். ஒருமுறை மாறினால் அடுத்த மாற்றத்துக்கு 30 நாள் பொறுக்க வேண்டும். இத்தனையும் பழைய சர்வர் உயிரோடு இருந்தால்தான் நடக்கும். மூடப்போவதாக அறிவிப்பு வந்த அன்றே மாறிவிடுங்கள். கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள்.

புளூஸ்கை என்ற இன்னொரு சமூக வலைத்தளம் வேறு நெறிமுறையில் இயங்குவது. அங்கே சர்வர் நடத்தாமலேயே உங்கள் சொந்த டொமைனைப் பெயராக வைத்துக்கொள்ளலாம். பெயர் மாற்றும் பகுதி காட்டும் ஹோஸ்ட், மதிப்பு இரண்டையும் நகலெடுத்து, உங்கள் டொமைனின் டிஎன்எஸ்-இல் (டொமைன் பெயர்ப் பதிவேட்டில்) டெக்ஸ்ட் பதிவாகச் சேர்த்தால் போதும். பல டிஎன்எஸ் அமைப்புப் பக்கங்கள் டொமைன் பெயரைத் தாமே ஒட்டிக்கொள்ளும். ஹோஸ்ட் கட்டத்தில் நீங்களும் எழுதினால் அது இரண்டு முறை வந்து சரிபார்ப்பு தோற்கும். டொமைன் காலாவதியானால் பெயர்தான் செல்லாமல் போகும், கணக்குக்கு ஒன்றும் ஆகாது.

பழைய கணக்கை மூடும்போது

புதிய முகவரியைப் பழைய அறிமுகக் குறிப்பில் எழுதி, சில மாதங்கள் விட்டுவையுங்கள். அந்தக் கணக்கைக் கொண்டு வேறு எந்தெந்தத் தளங்களில் உள்நுழைகிறீர்கள் என்று பார்த்து, ஒவ்வொன்றிலும் மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் அமையுங்கள். இதை மறந்தால் அந்தத் தளங்களின் கதவும் சாத்திக்கொள்ளும். பிறகு அழிக்கக் கொடுங்கள். எக்ஸிலும் முகநூலிலும் 30 நாள் அவகாசம் உண்டு, அதற்குள் ஒருமுறை உள்நுழைந்தாலே கணக்கு மீண்டும் உயிர்பெறக்கூடும். ஆகவே கைப்பேசியிலிருந்து செயலியை முதல் நாளே நீக்கிவிடுங்கள்.