தங்கக் குழியின் கதையைத் துருவிப் படிப்பது எப்படி?

அனுமதி இல்லாமல் காட்டுக்குள் முளைத்த ஒரு தங்க முகாமின் கதையை எழுத உட்காரும் பலரும் முதலில் தேடுவது எத்தனை டன் கிடைத்தது என்பதைத்தான். அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். மண்ணை வெட்டியவர் யார், சுமந்தவர் யார், தங்கத்தை வாங்கியவர் யார் என்று முதலில் கேளுங்கள், முகாம் எழுந்ததும் விழுந்ததும் அதிலேயே பாதிக்கு மேல் தெரிந்துவிடும். பிரேசிலின் பாரா மாநிலத்தில் இருக்கும் செர்ரா பெலாடா என்ற தங்கக் குன்றை வைத்தே சொல்கிறேன்.

1980 தொடக்கத்தில் தங்கச் செய்தி பரவியதும் சில மாதங்களிலேயே பல்லாயிரம் பேர் வந்து குவிந்தார்கள். குன்று முழுவதையும் சுமார் 2க்கு 3 மீட்டர் துண்டுகளாகப் பிரித்துக்கொண்டார்கள். இந்த அளவைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். துண்டுக்குச் சொந்தக்காரர் ஒருவர், சாப்பாட்டுக்கும் சிறு பங்குக்கும் வெட்டுபவர் இன்னொருவர், கூலிக்கு மூட்டை தூக்குபவர் வேறொருவர். தூக்குபவர்களுக்கு அங்கே 'எறும்பு' என்றே பெயர். 30, 40 கிலோ ஈர மண்ணை முதுகில் போட்டுக்கொண்டு ஆடும் மர ஏணியில் ஏற வேண்டும், முன்னால் ஏறுபவரின் சேற்றுக்கால் உங்கள் முகத்துக்கு நேரே இருக்கும். அந்த ஏணிக்கு அவர்கள் வைத்த பெயர் 'அம்மா, விடை கொடு'. இப்படிப்பட்ட பெயர்களை ஒன்று விடாமல் சேகரியுங்கள், எந்தப் புள்ளிவிவரத்தையும் விட அவை அதிகம் பேசும்.

அடுத்து வரைபடம். முகாமை மட்டும் பார்த்தால் போதாது, அதற்குப் போகும் சாலையையும் பாருங்கள். ராணுவ ஆட்சி அனுப்பிய மேஜர் குரியோ முகாமுக்குள் மதுவும் பெண்களும் கூடாது என்று தடை போட்டார். உடனே அந்த வியாபாரமெல்லாம் சாலையின் 30ஆவது கிலோமீட்டருக்குப் போய்விட்டது, அங்கே எழுந்த ஊர்தான் இன்றைய குரியோனோபொலிஸ், அவர் பெயரிலேயே.

அப்புறம் கணக்கு. தங்கத்தை அரசு வங்கியிடம்தான் விற்க வேண்டும் என்பது விதி, ஆனால் கள்ளத்தனமாக வெளியே போனதும் உண்டு. அதனால் 40 டன்னுக்குச் சற்று மேல் என்ற அரசுக் கணக்கை எழுதும்போது அது வங்கிக்கு வந்த தங்கம் மட்டும்தான் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். 1983இல் கிடைத்த சுமார் 60 கிலோ கட்டி எல்லோருக்கும் தெரியும், அதிலேயே மயங்கி நின்றுவிடாதீர்கள்.

வீழ்ச்சியைப் புரிந்துகொள்ள அந்தச் சின்னத் துண்டுகளுக்குத் திரும்புங்கள். ஒருவர் வேகமாகத் தோண்டுவார், பக்கத்துத் துண்டு அப்படியே நிற்கும், நடுவில் செங்குத்தாக ஒரு மண்சுவர் எழும். மழையில் அது சரியும், ஆட்கள் புதைவார்கள். ஆழம் கூடக்கூட நீர் ஊறும், மூட்டை ஏறும் தூரமும் கூடும், ஆனால் கிடைக்கும் தங்கம் குறையும். கடைசியில் குழி ஏரியாகிவிட்டது. 1984 முதலான லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களை வரிசையாக அடுக்கினால் பழுப்புத் திட்டு கருநீராக மாறுவதை நீங்களே பார்க்கலாம்.

பாதரசத்தை மறக்கவே கூடாது. தங்கத்தூளை அதில் பிடித்து, உருண்டையாக்கி, நெருப்பில் காட்டுவார்கள். பாதரசம் ஆவியாகிப் போகும், தங்கம் மிஞ்சும். போன ஆவி முதலில் மூச்சுக்குள் போகும், மீதி மண்ணிலும் நீரிலும் இறங்கி, மீன் வழியாகச் சாப்பாட்டுத் தட்டுக்கு வரும். அதனால் பழைய ஆட்களைச் சந்தித்தால், "உருண்டையை எங்கே சுட்டீர்கள்? வீட்டுக்குள்ளா, வெளியிலா, பக்கத்தில் குழந்தைகள் இருந்தார்களா?" என்று பொறுமையாகக் கேளுங்கள். எத்தனை கிலோ எடுத்தீர்கள் என்று ஆரம்பித்தால் பெருமைக் கதைதான் வரும்.

குழி மூழ்கிய பிறகும் அந்தக் கரையை விட்டுப் போகாதவர்கள் உண்டு. பலர் பழைய பதிவு அட்டையைப் பத்திரமாக வைத்திருப்பார்கள். அதைக் காட்டச் சொல்லி, தேதியைக் குறித்துக்கொண்டு, ஏன் போகவில்லை என்று கேளுங்கள். சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசாதீர்கள்.