பிராய்லர் குஞ்சுத் தீவனத்தில் கொள்ளும் குவாரும்: என்சைமோடு சேர்க்கும் முறை

சோயா புண்ணாக்கின் விலை ஏறும்போதெல்லாம், பெங்களூரை ஒட்டிய ஆனேக்கல் பக்கம் சொந்தமாகத் தீவனம் அரைக்கும் நம் பண்ணையாளர்கள் விசாரிப்பது கொள்ளையும் கொத்தவரை விதையிலிருந்து வரும் குவார் கோர்மாவையும்தான். இரண்டையும் அளவோடு பயன்படுத்தலாம். ஆனால் ஒவ்வொரு பயறின் குறையும் வேறு என்பதால் தீர்வும் வேறு; எதற்கும் ஒரே என்சைம் (செரிமானத்துக்கு உதவும் நொதி) பொட்டலம் போதும் என்று இருந்துவிடக் கூடாது.

முதலில் புரதக் கணக்கு. யஷ்வந்தபுரம் மண்டியில் ஹுருளி என்று கேட்டு வாங்கும் கொள்ளில் புரதம் ஏறத்தாழ 22%, சோயா புண்ணாக்கில் 45%, மக்காச்சோளத்தில் 9%. எனவே 100 கிலோ தீவனத்தில் 10 கிலோ சோயாவை எடுத்துவிட்டு அதே எடைக்குக் கொள்ளைப் போட்டால் 2.3 கிலோ புரதம் போய்விடும். புரதம் 22% இருக்க வேண்டிய ஸ்டார்ட்டர் (இளங்குஞ்சுத்) தீவனம் 20 சதவீதத்துக்கும் கீழே இறங்கும். சோயாவில் 3.6 கிலோவும் மக்காச்சோளத்தில் 6.4 கிலோவும் குறைத்து 10 கிலோ கொள்ளைச் சேர்த்தால்தான் புரதம் அப்படியே நிற்கும். பயறுகளில் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் குறைவு, சோளத்தைவிட எரிசக்தியும் குறைவு என்பதால் டிஎல்-மெத்தியோனினையும் சிறிது எண்ணெயையும் கூட்ட வேண்டும்.

பச்சைக் கொள்ளில் உள்ள டிரிப்சின் தடுப்பான் புரதச் செரிமானத்தைக் கெடுக்கும். அதற்கு என்சைமை நம்ப வேண்டாம். ஊறவைத்து, உலர்த்தி, வறுப்பதே வழி. ஒரு மணியைக் கடித்துப் பாருங்கள்: நடுவில் பச்சை வாடை இருக்கக் கூடாது, கருகவும் கூடாது, கருகினால் லைசின் என்ற அமினோ அமிலம் வீணாகும்.

குவார் கோர்மா என்பது கொத்தவரை விதையில் பிசின் எடுத்தபின் மிஞ்சுவது. புரதம் 50 சதவீதத்தை ஒட்டி இருந்தாலும், எஞ்சிய பிசின் குடலில் கூழாகி எச்சத்தை ஒட்டும் பதமாக்குகிறது. ஒருமுறை முதல் வாரத்திலேயே அதைச் சேர்த்துவிட்டு, பின்புறத்தில் எச்சம் காய்ந்து அடைத்துக்கொண்ட குஞ்சுகளை வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்தோம். அன்று முதல், குஞ்சுகளுக்கு 10 நாள் வயதாகும்வரை எந்த மாற்றுப் பயறும் கொடுப்பதில்லை. பிறகும் கோர்மா 5 சதவீதத்தைத் தாண்டுவதில்லை, அதனுடன் அந்தப் பிசினை உடைக்கும் பீட்டா-மனனேஸ் என்சைம் கட்டாயம்.

ஃபைட்டேஸ் என்ற என்சைமின் வேலை வேறு: தானியத்திலும் பயறிலும் கட்டுண்டிருக்கும் பாஸ்பரஸை அது விடுவிக்கிறது. கிராமுக்கு 5000 அலகு உள்ள பொடியை டன்னுக்கு 100 கிராம் சேர்த்தால் கிலோ தீவனத்துக்கு 500 அலகு கிடைக்கும். பாஸ்பரஸுக்காகச் சேர்க்கும் டிசிபியை (டைகால்சியம் பாஸ்பேட்) குறைக்காமல் ஃபைட்டேஸ் போடுவது வீண் செலவு; சுண்ணாம்புச்சத்து மிகுந்தால் அதன் செயலும் மங்கும்.

100 கிராம் பொடியை நேரே மிக்சரில் கொட்டாமல், 1 கிலோ சோள மாவில் கலந்து, அதை 10 கிலோவில் பரப்பி, அதன்பின் மொத்தத்தில் சேருங்கள். தீவனத்தைச் சூடாக அழுத்திப் பெல்லட் துண்டுகளாக அடிப்பவர்கள் வெப்பம் தாங்கும் பூச்சுள்ள என்சைமையே கேட்டு வாங்க வேண்டும்.

முதல் தடவை 100 குஞ்சுகளுக்கு மட்டும் கொடுத்து, பழைய தீவனம் தின்னும் 100 குஞ்சுகளோடு 10-ஆம் நாளும் 21-ஆம் நாளும் எடை ஒப்பிடுங்கள். இடையில் தினமும் தண்ணீர்க் குழாய்க்குத் தள்ளி ஒரு கைப்பிடி தரைக் கூளத்தை அள்ளி, அழுத்திக் கையைத் திறந்து பாருங்கள். உதிர்ந்தால் சரி, உருண்டையாக நின்றால் அன்றே கோர்மாவைப் பாதியாக்குங்கள்.