மலையூர் டென்டல் லேபில் கோபால்ட்-குரோம் பவுடர்: ஈரம் ஏறாமல் வைத்துக்கொள்வது எப்படி?

குன்னூரில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் ஜன்னலைத் திறந்த மறுநொடி மேகம் அறைக்குள் வந்துவிடும். உலோகப் பவுடரை லேசரால் உருக்கி, அடுக்கடுக்காகக் கிரவுன் (பல் உறை) பிரின்ட் செய்யும் மெஷினைக் கீழே சமவெளியில் பழகிவிட்டு வருபவர்களுக்கு இது புரிய கொஞ்ச நாள் ஆகும். கிரவுன் டிசைன், சப்போர்ட் வைப்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். இங்கே பேச்சு பவுடரைப் பற்றி மட்டும்.

படி 1: சரியான பவுடர். கிரவுன், பிரிட்ஜுக்கு ஐஎஸ்ஓ 22674 (பல் உலோகங்களுக்கான சர்வதேசத் தரம்) சான்று உள்ள டென்டல் ரகம். மூட்டு இம்பிளான்ட்டுக்குப் பேசப்படும் ஏஎஸ்டிஎம் எஃப்75 என்ற தரத்தின் ரகம் வேறு: அதில் குரோமியம் 27-30%, மாலிப்டினம் 5-7%, மீதி பெரும்பாலும் கோபால்ட். ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போடாதீர்கள்.

படி 2: பாட்டிலைத் திறப்பது. எனக்குத் தலைவலி கொடுத்தது இதுதான். ரீகோட்டர் பவுடரைப் பரப்பும்போது கோடு கோடாக விழுந்தது. பாலிஷ் போட்டால் கிரவுனில் பொடிப்பொடியாகத் துளைகள். லேசர் செட்டிங்கை எவ்வளவு மாற்றியும் பலனில்லை. குளிர்ந்த ஸ்டோர் ரூமில் இருந்த பாட்டில், ஹீட்டர் ஓடும் அறைக்கு வந்ததும் திறக்கப்பட்டதுதான் காரணம். அறைக்காற்றின் ஈரம் குளிர்ந்த பவுடர் மேல் பனியாகப் படிந்துவிடுகிறது. அதனால் முந்தின நாள் இரவே பாட்டிலை மெஷின் அறைக்குக் கொண்டுவந்து, மூடியைத் தொடாமல் விட்டுவிடுங்கள். காலையில் பாட்டிலைத் தொட்டுப் பார்த்து, சில்லென்று இல்லை என்றால் திறக்கலாம்.

ஹீட்டர் காற்றைச் சூடாக்கும், அதில் உள்ள தண்ணீரை எடுக்காது. டீஹியூமிடிஃபையர் வேண்டும். கம்ப்ரசர் வகை மலிவுதான், ஆனால் நம்ம ஊர் குளிரில் அதன் காயிலில் ஐஸ் கட்டி வேலை குறைந்துவிடும். ஈரம் உறிஞ்சும் டெசிகன்ட் வகையை வாங்குங்கள், கரன்ட் பில் கூடினாலும் பரவாயில்லை. பாட்டிலுக்குள் போடும் சிலிக்கா ஜெல்லில் ஆரஞ்சு ரகம் நல்லது. (நீல ரகத்தில் நிறம் காட்டுவதே கோபால்ட் குளோரைடுதான். கோபால்ட் தொல்லை ஏற்கெனவே போதும்!)

படி 3: ஓட்டம் பார்ப்பது. 2.5 மி.மீ. துளை உள்ள ஹால் புனலில் 50 கிராம் போட்டு, ஸ்டாப்வாட்சில் நேரம் பாருங்கள். புது பவுடரின் நேரத்தை எழுதி வைத்திருந்தால், பிறகு ஒப்பிட அதுவே போதும். தட்டினால்தான் விழுகிறது என்றால் ஈரம் இருக்கலாம். பவுடர் தயாரித்தவர் சொல்லும் வெப்பத்தில் வேக்குவம் ஓவனில் உலர்த்துங்கள். சமையலறை ஓவன் கூடவே கூடாது.

படி 4: சலிப்பது. மிஞ்சிய பவுடரை 63 மைக்ரான் சல்லடையில் சலித்துவிட்டுத்தான் மறுபடி போட வேண்டும். மாஸ்க், நைட்ரைல் கையுறை இரண்டும் கட்டாயம். ஐரோப்பிய ஒன்றியம் 2021 முதல் கோபால்ட்டைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பொருள்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. சிந்தியதைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், வீட்டு வேக்குவமும் ஆகாது. உலோகத் தூசிக்கான ஈர வகை வேக்குவம்தான் சரி.

பின்சேர்க்கை: பிரின்ட் ஓடும்போது மெஷினுக்குள் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்க வேண்டும், அதற்குத்தான் ஆக்சிஜன் மீட்டர். ஊட்டி லேபில் இருந்து ஒருவர் கேட்டார், "கையில் பிடிக்கும் ஆக்சிஜன் மீட்டர் வெளிக்காற்றிலேயே 16% காட்டுகிறது, கெட்டுப்போச்சா?" கெடவில்லை. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம், காற்றழுத்தம் குறைவு. பல சென்சார்கள் ஆக்சிஜனின் அழுத்தத்தைத்தான் அளக்கும், சதவீதத்தை அல்ல. காற்றில் ஆக்சிஜன் அங்கேயும் 20.9%தான். சமவெளியில் காலிபரேட் செய்த மீட்டர் இங்கே குறைத்துக் காட்டும், மெஷினின் பிரின்ட் அறையில் ஆக்சிஜன் இன்னும் மிச்சம் இருக்கும்போதே ஓகே சொல்லிவிடும். வெளிக்காற்றில் வைத்து 20.9-க்குக் காலிபரேட் செய்யுங்கள். மெஷினுக்குள் இருக்கும் சென்சார் என்றால் சர்வீஸ்காரரிடம் உங்கள் ஊரின் உயரத்தைச் சொல்லிச் செய்யச் சொல்லுங்கள், நீங்களாகக் கழற்ற வேண்டாம்.