டிஷ் உறைந்ததற்குக் கோபுரம் காரணம்

கல்லடியில் மச்சான் சின்னதாகக் கேபிள் டிவி நடத்துகிறார். போன வருடம் அவருடைய பெரிய டிஷ்ஷில் வரும் சனல்கள் ஒவ்வொன்றாக உறையத் தொடங்கின. கடற்காற்றில் கறள் பிடித்திருக்கும் என்று வயரை மாற்றினோம், டிஷ்ஷின் முன்னால் இருந்து சிக்னலை வாங்கிப் பெருக்கும் எல்என்பியையும் மாற்றினோம். சரிவரவில்லை.

மீற்றரைப் பார்த்தபோதுதான் பிடி கிடைத்தது. சிக்னலின் பலம் வழக்கத்தை விடக் கூட, தரமோ பூச்சியம். அப்படியென்றால் வேறு ஏதோ உள்ளே நுழைகிறது.

பக்கத்துத் தொலைபேசிக் கோபுரத்தில் புதிதாக 3.5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை அன்டெனா ஏற்றியிருந்தார்கள். எங்கள் எல்என்பி 3.4 முதல் 4.2 வரை எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும். செய்மதி 35,786 கிலோமீற்றர் உயரத்திலிருந்து மெல்லிதாகப் பேசுகிறது; கோபுரம் காதருகே கத்துகிறது. எல்என்பி திணறி, கோபுரம் தொடாத சனல்களையும் சேர்த்து இழக்கிறது.

உறுதிப்படுத்த, மச்சான் ஒரு கூரைத் தகரத்தைக் கோபுரப் பக்கம் மறைத்துப் பிடித்தார். படம் வந்தது! கையை இறக்கினார், போய்விட்டது.

அப்புறம் 3.7 முதல் 4.2 வரை மட்டும் விடும் பில்டர் ஒன்றை எடுப்பித்தோம். டிஷ் குவிக்கும் சிக்னலை உள்வாங்கும் குழலான ஃபீட்ஹோர்னுக்கும் எல்என்பிக்கும் நடுவே அதைப் பூட்ட வேண்டும். எல்என்பிக்குப் பிறகு வயரில் போட்டால் பயனில்லை, திணறல் அதற்கு முன்பே நடந்துவிடும். ரப்பர் வளையத்தை மறக்காதீர்கள், மாரி மழையில் தண்ணீர் இறங்கிவிடும்.

3.7க்குக் கீழே இருந்த இரண்டு சனல்கள் போயின. அவற்றை இப்போது வேறு செய்மதியிலிருந்து எடுக்கிறோம்.