அண்டாவை மூடாதே கண்ணு: வீட்டு விருந்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் தங்கச்சி மகள் போன் பண்ணினாள். சேலம் அழகாபுரத்தில் புது வீட்டுக்குக் குடிபோன பிறகு வருகிற முதல் தீபாவளி, இரண்டு பக்கத்துச் சொந்தமும் சேர்த்து முப்பத்தைந்து பேர், காலையில் இட்லியும் கறிக்குழம்பும். "விடியக்காலையில கறிக்கடையில கூட்டம் அள்ளும் பெரியம்மா. அதனால முந்தின ராத்திரியே குழம்பை வெச்சு, தட்டைப் போட்டு மூடி, மேல ஒரு துண்டைச் சுத்தி வெச்சுடறேன். காலையில சூடாவே இருக்கும்" என்றாள். எனக்குப் பகீரென்றது. 2012இல் இதே பேச்சை, அந்தத் துண்டு உட்பட, நானும் பேசியிருக்கிறேன்.

நான் சமையல் கான்ட்ராக்டர் இல்லை. சேலத்தில் குகை என்கிற பகுதியில் இருக்கிற எங்கள் வீட்டில் ஆடி பதினெட்டு, தீபாவளி, பொங்கலை ஒட்டி வருகிற கரிநாள், மே மாதம் எல்லாரும் ஏற்காடு போவது என்று எது வந்தாலும் இருபது வருஷமாக அடுப்படியில் நிற்பவள், அவ்வளவுதான். இப்போது வீட்டில் அடுத்த தலைமுறை கரண்டி பிடிக்கிறது. நான் பண்ணிய கூத்தையெல்லாம் வரிசை தவறாமல் அவர்களும் பண்ணுவதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். உப்பு பார், கை கழுவு, கேஸ் சிலிண்டர் இருக்கிறதா பார் என்பதெல்லாம் இதில் இருக்காது. அதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

தலைக்கணக்கு

"ஒரு முப்பது பேர் வருவாங்க" என்பது கணக்கு இல்லை. முப்பதில் குழந்தைகள் எத்தனை, ஒரு கரண்டி சோற்றோடு எழுந்துவிடும் வயசானவர்கள் எத்தனை, கல்லூரிப் பையன்கள் எத்தனை? பெரியவர்களுக்குத் தலைக்கு நூறிலிருந்து நூற்றிருபத்தைந்து கிராம் அரிசி, குழந்தைகளுக்குப் பாதி, கறி என்றால் எலும்போடு சேர்த்துத் தலைக்கு இருநூறு கிராம் என்பது என் கணக்கு. இட்லி, வடை, இனிப்பு எல்லாம் சேர்ந்து இலை நிறைந்திருந்தால் அரிசியைக் குறைத்துக்கொள்ளலாம். சோறு பற்றாமல் போய்விடுமோ என்று பயந்து இரண்டு கிலோ கூடப் போடுகிறவர்கள்தான் மறுநாள் தெருவெல்லாம் பழைய சோறு கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.

பெருக்கல் வாய்ப்பாடு

நாலு பேருக்கு நன்றாக வந்த குழம்பை நாற்பது பேருக்கு வைக்கும்போது எல்லாவற்றையும் பத்தால் பெருக்குவார்கள். கறியைப் பெருக்கலாம், வெங்காயத்தைப் பெருக்கலாம், தண்ணீரைப் பெருக்கக் கூடாது. தண்ணீர் ஆவியாவது பாத்திரத்தின் வாய் அகலத்தையும் கொதிக்கிற நேரத்தையும் பொறுத்தது. அண்டாவில் குழம்பு பத்து மடங்கு இருக்கும், ஆனால் வாய் பத்து மடங்கு அகலமாக இருக்காது. பத்து மடங்கு தண்ணீர் ஊற்றினால் கிடைப்பது குழம்பு இல்லை, ரசம். ஏழு மடங்கில் நிறுத்துங்கள், பக்கத்தில் வெந்நீர் கொதித்துக்கொண்டே இருக்கட்டும், வேண்டுமானால் ஊற்றிக்கொள்ளலாம். மிளகாய்த்தூளும் உப்பும் இப்படித்தான். முக்கால் பங்கு போட்டுக் கொதித்த பிறகு ருசி பார்த்துச் சேர்ப்பது நல்லது, போட்டதை எடுக்க இன்னும் யாரும் வழி கண்டுபிடிக்கவில்லை.

கொதிக்கக் கொதிக்க மூடி வைப்பது

இப்போது 2012க்கு வருகிறேன்.

அந்த வருஷம் மே மாதம், கோடை விழா சமயம், ஏற்காட்டில் ஒரு வீடு வாடகைக்கு எடுத்து நாற்பத்தைந்து பேர் போவதாக ஏற்பாடு. மாமியார் பக்கத்துச் சொந்தம் முழுக்க வருகிறது, எனக்கு என் கறிக்குழம்பு மேல் கொஞ்சம் கர்வமும் உண்டு. ஒன்பது கிலோ ஆட்டுக்கறி, அன்றைக்குக் கிலோ 400 ரூபாய். மேலே போய்ச் சமைத்தால் பாதி நாள் அடுப்படியிலேயே போய்விடும் என்று முந்தின ராத்திரியே குகையில் வைத்து முடித்தேன். இறக்கும்போது மணி பதினொன்றரை. தேங்காய், கசகசா அரைத்து ஊற்றி, எண்ணெய் மிதக்க, அப்படி ஒரு வாசனை. பெரிய தட்டைப் போட்டு மூடினேன், ஆவி போகக் கூடாது என்று ஈரத்துண்டைச் சுற்றினேன், அதற்கு மேல் அம்மிக்குழவியையும் தூக்கி வைத்தேன். காலை ஆறு மணிக்கு வேனில் ஏற்றியபோது அண்டா இன்னும் கதகதவென்றுதான் இருந்தது. எனக்கு அதில் ஒரே பெருமை வேறு.

பகல் பன்னிரண்டரைக்கு இலை போட்டு, அண்டாவைத் திறந்தேன். மேலெல்லாம் வெள்ளை நுரை. கரண்டியை விட்டால் குமிழ் குமிழாக வருகிறது. புளித்த வாசனை. மாமியார் ஒன்றும் சொல்லவில்லை, மெதுவாகத் தட்டை எடுத்துத் திரும்ப மூடினார்கள். திட்டியிருந்தால் அன்றோடு போயிருக்கும்.

நாற்பத்தைந்து பேரும் அன்றைக்கு ரசத்தையும் தயிரையும் வைத்துச் சாப்பிட்டார்கள். அப்புறம் ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி வாங்கி வந்தோம். அதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. "கறியைக் கொட்டறதா? நல்லா ஒரு கொதி விட்டாச் சரியாயிடும்" என்று ஒரு பெரிய மனுஷர் கிளம்பினார். தனியாகக் கொஞ்சம் எடுத்துக் கொதிக்க வைத்து, அவரும் இன்னொருவரும் சாப்பிட்டார்கள். சாயங்காலம் கீழே இறங்கும்போது அந்த இருபது கொண்டை ஊசி வளைவிலும் வேனை எத்தனை முறை நிறுத்தினோம் என்று கேட்காதீர்கள்.

என்ன நடந்தது என்று அப்போது எனக்குப் புரியவில்லை, கண் பட்டுவிட்டது என்றுகூட நினைத்தேன். பிறகு படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டது இதுதான். நன்றாகக் கொதித்த குழம்பில் கிருமி எல்லாம் செத்துவிடும் என்று நினைக்கிறோம், ஆனால் சில கிருமிகள் விதை மாதிரி ஒரு வித்தாக மாறிக்கொண்டு கொதியைத் தாங்கிவிடும். சூடு 60 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் அந்த வித்து முளைக்கும். 60க்கும் 5க்கும் நடுவில் இருக்கும் நேரம் முழுக்க அவற்றுக்குக் கொண்டாட்டம், அதிலும் உடம்புச் சூட்டை ஒட்டிய கதகதப்பு என்றால் கேட்கவே வேண்டாம். சின்னச் சட்டியில் இருக்கும் குழம்பு சீக்கிரம் ஆறிவிடும். ஒன்பது கிலோ கறி வெந்த அண்டாவுக்கு நடுவில் இருக்கும் சூடு விடிய விடிய இறங்காது. அதற்கு மேல் தட்டு, துண்டு, குழவி. குழம்பைப் பத்திரப்படுத்துவதாக நினைத்துக் கிருமிக்குக் கம்பளி போர்த்திவிட்டிருக்கிறேன்.

அமெரிக்காவில் ஓட்டல்களுக்கான விதியில், சமைத்ததை ஆற வைப்பதற்கே ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். 57 டிகிரியிலிருந்து 21 டிகிரிக்கு இரண்டு மணி நேரத்துக்குள் இறங்க வேண்டும், அங்கிருந்து 5 டிகிரிக்கு அடுத்த நாலு மணி நேரத்துக்குள். சேலத்து மே மாதத்தில் நடுராத்திரியில்கூட அறையே 21 டிகிரிக்கு இறங்காது. என் அண்டா எங்கே இறங்குவது!

"சூடு பண்ணினாச் சரியாயிடும்" என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருகிறது. கொதிக்க வைத்தால் கிருமி சாகலாம், அது ஏற்கெனவே விட்டுவைத்த நஞ்சு எல்லாம் சாகாது. சோற்றில் வருகிற பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி விடும், வாந்தி வரவைக்கிற நஞ்சும், நம் கையிலிருந்து போகிற ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற கிருமியின் நஞ்சும் கொதியைத் தாங்கும். இன்னொன்று, நுரையும் வாசனையும் வந்ததால் நாங்கள் கொட்டினோம். ஆளைப் படுக்க வைக்கிற கிருமி வளர்ந்த குழம்பு எந்த வாசனையும் இல்லாமல் நேற்று வைத்த மாதிரியே இருப்பதும் உண்டு.

சரி, அப்படியானால் என்ன செய்வது? ராத்திரியில் முடிந்தவரை பொடி, வதக்கல், அரைத்த மசாலாவோடு நிறுத்துங்கள். அரைத்தது ஃபிரிட்ஜில் இருக்கட்டும். கறியை முந்தின நாளே வாங்கிச் சின்னச் சின்னப் பைகளில் ஃபிரிட்ஜில் வைத்து, விடியக்காலையில் குக்கரில் ஏற்றினால் ஏழரை மணி இட்லிக்குக் குழம்பு தயார். ராத்திரியே வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் தேங்காயை ஊற்றாதீர்கள், தேங்காய் சேர்ந்த குழம்பு சீக்கிரம் ஊசும், அதைக் காலையில் கொதி வரும்போது சேர்த்துக்கொள்ளலாம். இறக்கியதும் அகலமான தாம்பாளம், இட்லிப் பானை, பேசின் என்று கையில் கிடைத்ததில் எல்லாம் நாலு விரல் உயரத்துக்கு மேல் போகாமல் பிரித்து ஊற்றுங்கள். குளிர்ந்த தண்ணீர் ஊற்றிய பெரிய தொட்டியில் பாத்திரத்தை இறக்கி, ஐஸ் கட்டி இருந்தால் அதையும் போட்டு, கரண்டியால் கிளறிக்கொண்டே இருந்தால் இன்னும் சீக்கிரம் ஆறும். ஆவி அடங்கியதும் சின்னப் பாத்திரங்களாக ஃபிரிட்ஜுக்குள் போக வேண்டும். அண்டாவை அப்படியே ஃபிரிட்ஜில் திணித்தால் நடுவில் சூடு அப்படியேதான் இருக்கும், பக்கத்தில் இருக்கிற பாலும் கெடும்.

பிரயாணத்துக்குச் சமைத்து எடுத்துப் போவது என்றால் புளிச்சோறுதான். நம் பாட்டிமார்கள் கட்டுச்சோற்றுக்குப் புளியைப் பிடித்தது சும்மா இல்லை, அந்தப் புளிப்பில் கிருமி லேசில் வளராது. கறிக்குழம்புக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது.

ஏற்காட்டில் பருப்பு வேகாது

அடுத்த வருஷம் ரோஷத்தில் மேலே போய்த்தான் சமைப்பது என்று போனேன். சட்டியில் துவரம்பருப்பைப் போட்டேன், ஒரு மணி நேரம் கொதித்தும் விதை விதையாகக் கிடந்தது. கடைக்காரர் பழைய பருப்பைக் கட்டிவிட்டார் என்று மனசுக்குள் திட்டித் தீர்த்தேன். கடைக்காரர் மேல் தப்பில்லை. ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் குறைவு, தண்ணீர் 95 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். தளதளவென்று கொதிப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது, கீழே சேலத்தில் இருக்கிற சூடு அந்தக் கொதியில் இல்லை. குக்கரை எடுத்துப் போங்கள், ஒன்று பற்றாது, இரண்டு. பருப்பை முன்கூட்டியே ஊற வையுங்கள், விசில் கூட இரண்டு விடுங்கள்.

கொண்டை ஊசி வளைவுகள்

மோர், தண்ணீர் என்று தளும்புகிற எதுவானாலும் இறுக்கி மூடும் பால் கேனில் நிறைய ஊற்றிக் கொண்டு போங்கள், அரைப் பாத்திரம்தான் தளும்பும். குழந்தைகளுக்கு அடிவாரத்தில் பூரி வாங்கிக் கொடுக்காதீர்கள்.

புதுப் பலகாரம்

முன்னே பின்னே செய்து பார்க்காததை விருந்தன்று செய்யாதீர்கள்.

நாள் பார்க்காமல் கறி

இது வெளியூரிலிருந்து வந்து சேலத்தில் வாழ்க்கைப்பட்ட மருமகள்கள் மாட்டிக்கொள்வது. ஆடியில் லீவு நாளாகப் பார்த்து எல்லாரையும் கறி விருந்துக்குக் கூப்பிட்டுவிடுவார்கள். கோட்டை மாரியம்மனுக்குப் பூச்சாட்டியிருப்பார்கள், வருகிறவர்களில் பாதிப் பேர் விரதம். புரட்டாசி சனிக்கிழமையும் இதே கதைதான். யாரும் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள், மோரை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள், பேச்சு மட்டும் மூன்று வருஷம் ஓடும். கூப்பிடுவதற்கு முன் வீட்டில் மூத்த ஒருவரிடம் நாள் கேளுங்கள். கறி சாப்பிடாதவர் ஒருவர் இருந்தாலும் அவருக்குக் கரண்டி, பாத்திரம், பரிமாறும் ஆள் மூன்றும் தனி.

ஆடி ஒன்று

எங்கள் பக்கத்து வழக்கப்படி தேங்காயைத் துளைத்து நெருப்பில் சுடும்போது, உள்ளே பாசிப்பருப்பு, வெல்லம், எள், அவல் எல்லாம் கழுத்து வரை திணிக்காதீர்கள். உள்ளே உப்ப இடம் வேண்டும், இல்லாவிட்டால் நெருப்பிலேயே ஓடு விட்டுக்கொள்ளும். இந்த வருஷம் எங்கள் தெருவில் மூன்று வெடித்தது.

ஜவ்வரிசிப் பாயசம்

குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி மாவில் ஜவ்வரிசி செய்து நாடெங்கும் அனுப்புகிற ஊரில் இருந்துகொண்டு பாயசத்தைக் கரண்டியால் வெட்டி வைப்பது அவமானம். இறக்கும்போது சரியான பதமாகத் தெரிந்தால் பந்தியில் அது களி. ஜவ்வரிசி ஆற ஆற இன்னும் தண்ணீரை இழுக்கும். கொஞ்சம் நீர்க்க இறக்கி, சுண்டக் காய்ச்சிய பால் ஒரு லிட்டர் தனியாக வைத்திருந்து பரிமாறும்போது கலந்துகொள்ளுங்கள். வெல்லம் போடுவதானால் பாகு ஆறட்டும், கொதிக்கிற பாலில் வெல்லத்தை ஊற்றித் திரிய விட்டுவிட்டு மாட்டைக் குறை சொல்லக் கூடாது.

தட்டுவடை செட்

இரண்டு தட்டுவடைக்கு நடுவில் சட்னி தடவினால் உடனே வாயில் போடுங்கள். அடுக்கி வைக்காதீர்கள்.

மிச்சம்

பகல் ஒரு மணிக்கு இறக்கியதைச் சாயங்காலம் ஆறு மணிக்கு டப்பாவில் போட்டுக் கொடுத்தனுப்புவது அன்பு இல்லை, மேலே சொன்ன அண்டாக் கதைதான், சின்ன அளவில். கடைசிப் பந்தி எழுந்ததும் முதல் வேலையாகப் பிரித்துக் கட்டிவிடுங்கள். கிளம்புகிறவர் பக்கத்து ஊர் என்றால் மட்டும் குழம்பு, தூரம் என்றால் அதிரசமும் முறுக்கும் போதும். எவர்சில்வர் பாத்திரத்தில் ஊற்றிக் கொடுப்பதாக இருந்தால் யாருக்கு எது என்று ஒரு சீட்டில் எழுதி வையுங்கள். போன கரிநாளுக்குப் போன என் இரண்டு மூடி போட்ட தூக்கு இன்னும் வரவில்லை. ஒன்று அம்மாபேட்டையில் இருப்பதாகத் தகவல்.